முன்னால் மட்டும் தள்ளிய கடிகாரம்

அந்தக் கம்பெனியில் எல்லாக் கடிகாரங்களும் பத்து நிமிடம் முன்னால் ஓடும். அது தலைமை வடிவமைப்பாளரின் ஏற்பாடு. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே, நேரத்துக்கு முன்னால் நிற்பவன்தான் தலைவன் என்று ஒரு ஸ்லைடு போட்டுக் காட்டினார். பிறகு ஸ்டூல் கொண்டுவரச் சொல்லி, ஏறி, தன் கையாலேயே முள்ளைத் தள்ளினார். மறுநாளிலிருந்து எல்லாரும் மனசுக்குள் பத்தைக் கழித்துக்கொண்டு முன்பு வந்த அதே நேரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். திட்டம் வெற்றி என்று அவர் அறிவித்தார்.

ஆபீசில் அவருக்கு 'சிற்பி' என்று பெயர். உளியை அவர் தொட்டதில்லை. நிரல் எழுதுவதையும் விட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. செதுக்கியதெல்லாம் ஸ்லைடுதான்.

கம்பெனி வென்டிலேட்டர் செய்தது. தானாக மூச்சு விட முடியாதவர்களின் கட்டிலருகே, வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் சிறிய மெஷின். அதற்குள் ஒரு மின்னணுப் போர்டு, போர்டுக்குள் அதை ஓட்டுகிற இயக்குதளம். வட்டம் சுற்றிக் காட்டி 'பொறு' என்று சொல்லும் வகை இல்லை அது. சொன்ன கணத்தில் சொன்னதைச் செய்தே தீரவேண்டிய வகை. போர்டு விலை ஏறினால் முதலாளி வேறு போர்டு வாங்குவார். வேறு போர்டு என்றால் வேறு இயக்குதளம். ஒவ்வொன்றிடமும் நேரம் கேட்கும் முறை ஒவ்வொரு தினுசு. அதனால் ஒவ்வொரு முறையும் மூச்சுக் கொடுக்கும் நிரலைப் பிரித்து மேய வேண்டியிருந்தது. எந்தப் போர்டுக்கும் அப்படியே எடுத்துப்போகக்கூடிய, நிரலுக்கும் போர்டுக்கும் நடுவே நின்று நேரம் சொல்லும் கடிகார அடுக்கு ஒன்று தேவைதான். அதில் சிற்பி சொன்னது தவறில்லை.

அதற்கு 'காலத்தின் ஒற்றை வாசல்' என்று அவர் பெயர் வைத்தார். ஸ்லைடில் பின்னணியாக நட்சத்திர மண்டலம் சுழன்றது. எந்த இயக்குதளமாக இருந்தாலும் நிரல் ஒரே வாசலில் போய் ஒரே கேள்வி கேட்கும்: மணி என்ன? வாசல் ஒரே பதில் சொல்லும்.

கூட்டத்தில் கை தூக்கியது இளையவள்தான். வாசலுக்கும் போர்டுகளுக்கும் நடுவே உள்ள நிரலை எழுதவேண்டியவள் அவள். சிற்பியின் மனைவிக்குத் தங்கை. அக்கா வீட்டில்தான் தங்கியிருந்தாள். சாயங்காலம் ஆபீஸ் லிஃப்டில் 'சார்' ஆக இறங்கும் மனிதர் வீட்டு லிஃப்டில் 'அத்தான்' ஆக ஏறுவார். பேச்சில் மட்டும் வித்தியாசம் இருக்காது.

"சார், மணி என்னன்னு கேக்குறதும் எவ்வளவு நேரம் ஆச்சுன்னு கேக்குறதும் வேற வேற கேள்வி. ஒண்ணுக்கு சுவர்க் கடிகாரம் போதும், யார் வேணா திருத்தலாம். இன்னொண்ணு, ஸ்விட்ச் போட்டதுல இருந்து சும்மா எண்ணிக்கிட்டே போகணும். அத யாரும் தொடவே கூடாது."

"உங்க சமையலறையில எத்தன கடிகாரம்?"

"ஒண்ணு." அது அவருடைய சமையலறையும்தான். அதை அவள் சொல்லவில்லை.

"அதுலயே மணியும் பாக்குறே, முட்டை எவ்வளவு நேரம் வெந்துச்சுன்னும் பாக்குறே. கழிச்சுக்கிறே. ரெண்டு கடிகாரமா மாட்டி வச்சிருக்கே?"

"வேகும்போது யாராவது முள்ளத் திருப்பிட்டா?"

"எவன்மா வந்து திருப்பப் போறான்?"

அறையில் இருந்தவர்கள் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார்கள். அப்புறம் மேஜையைப் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள்.

"ஒரு உதாரணம் சொல்லு. ஒண்ணே ஒண்ணு. ஆள் செத்தான்னு ஒரு உதாரணம்" என்றார் சிற்பி. அவளுக்குச் சட்டென்று வாயில் வரவில்லை. கூட்டம் முடிந்தது.

புதுப் போர்டிலும் அந்த எண்ணும் கடிகாரம் இருக்கத்தான் செய்தது. ஆனால் அதனிடம் கேட்க இன்னொரு வாசல் திறக்க வேண்டும். ஒற்றை வாசல் என்று பெயர் வைத்துவிட்டு இரண்டு கதவு வைத்தால் ஸ்லைடை மாற்ற வேண்டும். ஸ்லைடு ஏற்கெனவே முதலாளி கைக்குப் போய்விட்டது. எனவே ஒற்றை வாசல், திரையில் மணி காட்டுகிற சுவர்க் கடிகாரத்தோடு கட்டப்பட்டது. கட்டியவள் இளையவள்தான்.

முதல் மெஷின் எங்கே போகவேண்டும் என்பதில் சந்தேகமே எழவில்லை. சிற்பியின் மாமனார், அதாவது அக்கா தங்கை இருவருக்கும் அப்பா, தசை எல்லாம் ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொண்ட ஒரு நோயில் மருமகன் வீட்டிலேயே படுத்திருந்தார். கழுத்தில் குழாய். அசைவது கண் மட்டும். இதுவரை கம்பெனியின் பழைய மெஷின்தான் அவருக்கு மூச்சு கொடுத்தது. பேச்சு இருந்த காலத்தில் மருமகனின் வீட்டுக் கடிகாரங்களைப் பார்த்து, "மாப்பிள்ள, உங்க வீட்டுக்கு வந்தா எனக்கு ஆயுசுல பத்து நிமிஷம் குறையுது" என்று சொல்லிக் குலுங்கிச் சிரிப்பார். மாப்பிள்ளையும் கூடச் சிரித்துவிட்டு, அடுத்த மணி நேரம் யாரோடும் பேசாமல் இருப்பார்.

புது மெஷினைப் பொருத்த முதலாளியே வந்தார், போட்டோ எடுப்பவரோடு. "பெரியவர் கொஞ்சம் சிரிச்ச மாதிரி இருந்தா நல்லாருக்கும்" என்றார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். படம் அப்படியே அச்சாயிற்று. கீழே 'நிம்மதியான உறக்கம்' என்று போட்டார்கள்.

அன்றைக்கே சிற்பி தன் வாதத்தை நிரூபித்தும் காட்டினார். வீட்டுக் கடிகாரங்களோடு ஒத்துப்போகட்டும் என்று மெஷினின் நேரத்தைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளினார். மெஷின் ஒரு மூச்சைக் கொஞ்சம் சீக்கிரமாகக் கொடுத்தது. அப்பாவின் நெஞ்சு உயர்ந்து தாழ்ந்தது, பிறகு வழக்கம்போல ஓடியது.

"பாத்தியா? திருப்பினேன். என்ன ஆச்சு?" என்று கொழுந்தியாளைக் கேட்டார். "ஆபீஸ்ல மீசையும் ஒரு மணி நேரம் தள்ளிப் பாத்தான், ஒரு நாள் தள்ளிப் பாத்தான். எல்லாம் பாஸ்."

மீசை என்பவன் சோதனை அறைக்காரன். மீசையை எடுத்துப் பல வருடமாகிறது, பெயர் மட்டும் முகத்திலேயே நின்றுவிட்டது. சோதனைத் திட்டத்தை எழுதிக் கொடுத்தவர் சிற்பி. அவர் எழுதியபடி மீசை செய்தான்; ஒவ்வொன்றும் முடிந்ததும் மெஷினை அணைத்துவிட்டுத்தான் நேரத்தைத் திருப்பி வைத்தான். தன் கண்ணாலேயே பார்த்தபிறகு இளையவளும் வாதாடுவதை விட்டாள். பயந்தது வீண் என்று நினைத்துக்கொண்டாள். அதில் அவளுக்கு ஓர் ஆறுதலும் இருந்தது.

சில வாரம் போயிற்று. ஒருநாள் காலை, அவள் கிளம்பும் அவசரத்தில் இருந்தபோது அக்கா சமையலறையிலிருந்து கேட்டாள்.

"ஏய், அந்த மெஷின்ல நேரத்த எப்படிடீ மாத்துறது?"

"எதுக்கு?"

"உங்க அத்தான் புண்ணியத்துல நான் வீடு பூரா கழிச்சுக்கிட்டே திரியறேன். நேத்து ரெண்டு தடவ கழிச்சுட்டு அப்பாவுக்கு மாத்திரைய லேட்டா குடுத்தேன். அப்பா படுத்துக்கிட்டு அந்த மெஷின் மணியையேதான் பாத்துட்டு இருக்கார். அந்த ஒரு அறையிலயாவது நேரம் நேரமா இருக்கட்டுமே."

"அத்தான் கண்டா கத்துவார்."

"கத்தட்டும். அவர் வர்றதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே கத்தி முடிச்சிருப்பார்."

இளையவள் சிரித்துவிட்டாள். எந்தப் பொத்தானை அழுத்திப் பிடிப்பது, எதைச் சுழற்றுவது என்று செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாள். மத்தியானம் அப்பாவைத் துடைத்துவிட்டுப் படுக்கை மாற்றும்போது செய்கிறேன் என்றாள் அக்கா.

அன்று கம்பெனிக்குப் பெரிய மருத்துவமனை ஒன்றிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. முதலாளி காலையிலேயே சோதனை அறைக்கு வந்து, "முதல்ல இந்தக் கடிகாரத்தையெல்லாம் சரி பண்ணுங்கப்பா" என்றார். "போன தடவ வந்தவன் என்ன கேட்டான் தெரியுமா? உங்க மெஷினும் இப்படித்தான் பத்து நிமிஷம் ஃபாஸ்ட்டான்னு கேட்டுட்டு, காபிய மட்டும் குடிச்சுட்டுப் போயிட்டான்."

சிற்பி மாடியில் மீட்டிங் அறையில் ஸ்லைடுகளோடு இருந்தார். முதலாளி சொன்னால் சொன்னதுதான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மீசை சுவர்க் கடிகாரத்தை இறக்கித் திருத்தினான். அடுத்து மேஜைமேல் ரப்பர் நுரையீரலோடு ஓடிக்கொண்டிருந்த மெஷினையும் பின்னால் தள்ளினான். இளையவள் பக்கத்து மேஜையில் இருந்தாள்.

முதலில் நின்றது சத்தம். இத்தனை நாளாகக் காதில் விழுந்துகொண்டே இருந்த 'உஸ்' நின்ற பிறகுதான், அது இருந்ததே தெரிந்தது.

"நுரையீரலம்மா அசந்துட்டாங்க போல" என்றான் மீசை. ரப்பர் பையைச் சுண்டினான். அது அசையவில்லை.

மெஷினில் பச்சை விளக்கு எரிந்தது. திரையில் மூச்சுக்கோடு தட்டையாக ஓடியது. அலாரம் இல்லை.

அவள் எழுந்து வந்து நின்றாள். அடுத்த மூச்சு இந்த மணிக்கு என்று மெஷின் குறித்து வைத்திருக்கிறது. மணியைப் பின்னால் இழுத்தாயிற்று. குறித்த மணி திரும்பி வரும்வரை மெஷின் காத்திருக்கும். ரொம்ப ஒழுக்கமாக, பத்து நிமிடம். மூச்சு வந்து எவ்வளவு நேரமாச்சு என்று பார்த்துக் கத்தவேண்டிய அலாரமும் அதே வாசலில்தான் போய்க் கேட்கிறது. கழித்துப் பார்த்தால் பூஜ்யத்துக்குக் கீழே வருகிறது. பூஜ்யத்துக்குக் கீழே இருப்பதைத் தாமதம் என்று அலாரம் எப்படிச் சொல்லும்? முன்னால் தள்ளினால் ஒரு மூச்சு சீக்கிரம் வரும், அவ்வளவுதான். கடிகாரத்தை முன்னால் மட்டுமே தள்ளிப் பழகிய ஒருவர் எழுதிய சோதனையில் முன்னால் மட்டுமே தள்ளியிருந்தார்கள்.

"இரு, ஆஃப் பண்ணி ஆன் பண்ணா ஓடிடும்" என்றான் மீசை.

காலையில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னது அவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அக்காவுக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டாள். மறுபடியும் நின்றது.

"மீசை, எங்க வீட்டுக்கு ஆம்புலன்ஸ் சொல்லு. மூச்சு மெஷின் நின்னு போச்சுன்னு சொல்லு. பழைய மாடல் ஒண்ணத் தூக்கிக்கிட்டு நீயும் வா."

அவன் அதற்குள் போனை எடுத்திருந்தான். அவள் முகத்தில் இருந்ததே போதுமானதாக இருந்தது.

மீட்டிங் அறையில் நட்சத்திர மண்டலம் சுழன்றுகொண்டிருந்தது. "காலம் ஒன்றுதான். ஆகவே வாசலும் ஒன்றுதான்" என்று சிற்பி சொல்லிக்கொண்டிருந்தார். விருந்தினர் மூன்று பேரும் ஒன்றும் விளங்காதவர்களுக்கே உரிய மரியாதையோடு தலையசைத்தார்கள்.

"அத்தான், கிளம்புங்க."

ஆபீசில் அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சிற்பி விருந்தினர் பக்கம் திரும்பிப் புன்னகைத்தார். "எங்க டீம்ல இப்படித்தாங்க. குடும்பம் மாதிரி."

"அக்கா இன்னிக்கு மத்தியானம் மெஷின்ல நேரத்தத் திருத்தறேன்னா. போன் எடுக்கல."

"திருத்தட்டுமே. நானே திருத்தியிருக்கேன். உன் கண்ணு முன்னாலதானே..."

"முன்னால தள்ளினீங்க. என்னிக்காவது பின்னால தள்ளிப் பாத்திருக்கீங்களா?"

அறிவில்லாதவர் இல்லை அவர், அதுதான் பரிதாபம். சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். கணக்கு அவருக்குள் ஓடுவது வெளியே தெரிந்தது. முகத்திலிருந்து தலைமை வடிவமைப்பாளர் இறங்கிப் போனார். மிச்சமிருந்தது ஒரு வீட்டு மருமகன்.

"அலாரம்..." என்றார்.

"அதுவும் உங்க வாசல்லதான் கேக்குது."

"என்னப்பா விஷயம்?" என்று முதலாளி எழுந்தார். சிற்பி, "மாமாவுக்கு" என்று தொடங்கினார். ஸ்லைடு மாற்றும் ரிமோட்டைக் கையில் பிடித்தபடியே ஓடினார்.

காரை அவள்தான் ஓட்டினாள். சாவியை அவரே நீட்டிவிட்டார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து மனைவியின் எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்தினார். மணி அடிக்கும், நிற்கும். அடுத்த வீட்டுக்காரர் எண் இருக்கிறதா என்று அவள் கேட்டாள். இல்லை. இத்தனை வருடத்தில் அவர் அந்த வீட்டு ஆளிடம் பேசியதெல்லாம் வண்டி நிறுத்தும் இடத்தைப் பற்றிய தகராறுதான்.

"தூங்கறாளோ என்னவோ" என்றார்.

அவள் முன்னால் போன ஆட்டோவைத் தாண்டினாள்.

"துணி காயப்போட மாடிக்குப் போயிருப்பா. இன்னும் மாத்தியே இருக்க மாட்டா. அவ எத சொன்ன நேரத்துக்குச் செஞ்சிருக்கா?" என்று சொல்லிவிட்டு, கெஞ்சுவதுபோல் இவளைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக, தன் மனைவி தாமதக்காரியாக இருக்கவேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார்.

சிக்னலில் வண்டிகள் நின்றன. முன்னால் ஒருவன் கைப்பேசியில் ஏதோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். இளையவளுக்கு அப்பாவின் கண்கள்தான் ஞாபகம் வந்தன. மூச்சு நிற்பது அவருக்குத் தெரியும். கூப்பிட முடியாது. பார்க்க மட்டும் முடியும். பார்ப்பதற்கு எதிரே இருப்பது ஒரு பச்சை விளக்கும், சரியான நேரமும்.

லிஃப்டுக்கு நிற்கவில்லை. படியேறும்போதே அலாரம் கேட்டது. இரண்டு மாடிக்குக் கேட்கிற அலறல். சிற்பி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவள் அவரைத் தாண்டி ஓடினாள்.

ஹாலில் சார்ஜரில் கிடந்த கைப்பேசியின் திரையில் தவறிய அழைப்புகள் நிரம்பியிருந்தன.

உள்ளே அக்கா கட்டிலோரம் ஒரு முழங்காலை மடித்து ஏறி உட்கார்ந்திருந்தாள். அவசரத்துக்கென்று வைத்திருந்த, கையால் அமுக்கும் மூச்சுப் பையை அப்பாவின் கழுத்துக் குழாயில் மாட்டி, இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டிருந்தாள். அமுக்கினாள், விட்டாள். மறுபடி அமுக்கினாள். தலைமுடி முகத்தில் விழுந்து வியர்வையில் ஒட்டியிருந்தது. அதை ஒதுக்கக்கூட அவளுக்குக் கை இல்லை.

கழற்றிப் போட்ட மெஷின் குழாய் மெத்தைமேல் கிடந்து போர்வைக்குள் சீராக ஊதிக்கொண்டிருந்தது. காத்திருந்த மணி வந்ததும் மெஷின் வேலையைத் தொடங்கிவிட்டது. தொடங்கியபின், குழாய் கழன்றிருப்பதைக் கண்டுபிடித்து ஊரைக் கூட்டியது.

"அந்தச் சனியன நிறுத்துடீ முதல்ல" என்றாள் அக்கா, பையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இளையவள் மெஷினை அணைத்தாள். அறையில் பையின் சத்தம் மட்டும் மிஞ்சியது. அப்பாவின் உதட்டில் பழைய நிறம் திரும்பி வந்திருந்தது. கண் திறந்திருந்தது. அவளைப் பார்த்தது, ஒருமுறை இமைத்தது.

"போன் அடிச்சுது, கேட்டுது. எந்தக் கையால எடுக்க?" என்றாள் அக்கா. "நீ சொன்ன மாதிரிதான் மாத்தினேன். அப்பா கண்ணு எனக்கும் மெஷினுக்குமா ஓடுச்சு. நேரம் சரியாயிடுச்சேன்னு சந்தோஷப்படறார்னு நினைச்சேன்டீ. 'என்னப்பா, திருப்தியா'ன்னு கேட்டு சிரிச்சேன் வேற. பச்ச லைட்டு எரியுதே, நான் எதக் கண்டேன். அப்புறந்தான் நெஞ்சப் பாத்தேன்."

வாசலில் சிற்பி நின்றார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் அந்த ரிமோட். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு கணம் நின்று, மருந்து மேஜைமேல் வைத்தார்.

"மெஷின ஆன் பண்ணி மாட்டிடலாம். இப்ப ஓடும்" என்றார்.

"யார் சொன்னா? அதுவா?" என்றாள் அக்கா. "சும்மா இருந்துச்சு, தானா ஆரம்பிச்சுது. மறுபடி எப்ப சும்மா இருக்கும்னு நீங்க சொல்லுங்க. சொல்ல முடியுமா?"

ஓடும் என்று இருவருக்கும் தெரியும். தெரியும் என்ற சொல்லை அந்த அறையில் உச்சரிக்க இருவருக்கும் வாய் வரவில்லை.

"ஆம்புலன்ஸ் வருதுக்கா. மீசை பழைய மெஷின எடுத்துக்கிட்டு வர்றான். குடு, நான் அமுக்கறேன்."

"உன் கை சின்னது." அக்கா கணவனைப் பார்த்தாள். "நீங்க வாங்க."

"எனக்கா?"

"உங்க கைதானே பெரிசு."

அவர் கட்டிலோரம் வந்து உட்கார்ந்தார். அக்கா கையை எடுக்காமலேயே அவர் கையைப் பைமேல் வைத்து, கூடவே சில தடவை அமுக்கிக் காட்டிவிட்டுத்தான் விட்டாள். விட்டதும் விரல்களை நீட்ட முடியவில்லை அவளுக்கு. தங்கை பிடித்து ஒவ்வொன்றாக நீவினாள்.

அமுக்கிக்கொண்டே சிற்பி பழக்க தோஷத்தில் தலையைத் திருப்பி, ஹாலில் தெரிந்த கடிகாரத்தை நோக்கினார்.

"அங்க என்ன இருக்கு?" என்றாள் அக்கா. "நெஞ்சப் பாருங்க. மேல வந்துச்சா, விடுங்க. கீழ போச்சா, அமுக்குங்க."

அவர் நெஞ்சைப் பார்த்தார். மேலே வந்தது. விட்டார். கீழே போனது. அமுக்கினார். மாமனாரின் கண் அவர் முகத்தை விட்டு அகலவில்லை. அதில் கோபம் இருந்ததா, பழைய கேலி இருந்ததா என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. சிற்பியால் அதைப் பார்க்க முடியவில்லை, பார்க்காமல் நெஞ்சையும் பார்க்க முடியவில்லை. கழுத்திலிருந்த அட்டை ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஆடி, பெரியவரின் தோளில் இடித்தது. இளையவள் அதைக் கழற்றி எடுத்தாள்.

அவருடைய சட்டைப்பையில் கைப்பேசி அடித்தது. முதலாளியாக இருக்கும். அடித்து நின்றது.

பெருவிரல் மரத்துப்போனது. மேல்கை வலித்தது. ஆம்புலன்ஸ் சத்தம் இன்னும் கேட்கவில்லை. தெருவில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள்.

"எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று கேட்டார் சிற்பி.

யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"எண்ணல அத்தான்" என்றாள் இளையவள். "நீங்க அமுக்குங்க."